மறதியே இல்லாமல் டிமென்ஷியா வருமா?

வரும். என் அக்காவுக்கு வந்தது அதுதான்.

உங்கள் அப்பாவுக்கு 56 வயது, கணக்கு வழக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் வீட்டில் யார் அழுதாலும் கண்டுகொள்வதில்லை, டாக்டர் எஃப்டிடியாக (ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா) இருக்கலாம் என்கிறார், நம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் சொல்வதற்கு இடமிருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. நெற்றிக்குப் பின்னாலும் காதை ஒட்டியும் இருக்கும் மூளைப் பகுதிகள் முதலில் சுருங்குகின்றன. அடக்கம், அக்கறை, முன்யோசனை, பேச்சு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதனால் ஞாபகசக்திப் பரிசோதனையில் நல்ல மதிப்பெண் வாங்குபவர் வீட்டில் வேறு ஆளாக இருப்பார். சிலருக்குக் குணம் மாறாமல் பேச்சு மட்டும் முதலில் போகும்.

அக்காவின் கணவர் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவர் உடைந்துபோனார். எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் தூங்காதவள் அவள். அன்பு குறைந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடுத்தவர் வலியை உணர முடியாமல் போவதே இந்த நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. இனிப்புக்கு அடங்காத ஆசை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, எதிலும் நாட்டமில்லாமை இவையும் அப்படித்தான். பிராக் நகரில் அர்னால்ட் பிக் என்ற மருத்துவர் 1892-லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார். இருந்தும் பலருக்கு முதலில் மனச்சோர்வு, பைபோலார் (மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் நோய்) என்றுதான் சொல்கிறார்கள். அக்காவுக்கும் மனச்சோர்வு மாத்திரையில்தான் ஆரம்பித்தது.

நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எம்ஆர்ஐ சாதாரணமாகத் தெரியலாம், அப்போது மூளையின் எந்தப் பகுதி சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் பெட் ஸ்கேன் உதவும். அப்பா உள்ளே போய் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். பொய் இல்லை, தன் மாற்றம் அவருக்கே தெரியாது. என்னென்ன மாறியது, எப்போதிலிருந்து என்று நீங்கள் எழுதிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா, கை கால் தசை பலவீனமாகும் மோட்டார் நியூரான் நோய் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். சில குடும்பங்களில் ஒரே மரபணுக் கோளாறு இரண்டையும் கொண்டுவருகிறது.

நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அல்சைமர் என்ற மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் மாத்திரை இதில் பலன் தருவதில்லை, சிலருக்கு நடத்தையை மோசமாக்கவும் செய்யும். எழுதித் தந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம், பணம். வங்கிக் கணக்கு, கடன் அட்டை, கையெழுத்து இதையெல்லாம் இப்போதே பாதுகாப்பாக்குங்கள். யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடும் கட்டம் வரலாம். அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. பேச்சை மாற்றுவதுதான் வேலை செய்யும்.

முதலில் உங்கள் அம்மாவிடம் பேசுங்கள். அப்பா தன் மனைவியை வெறுக்கவில்லை என்பதை அம்மா இன்றே கேட்க வேண்டும்.