உலகிலேயே மிகச் சிறிய கள்ளி எது? அது எங்கே வளர்கிறது?

பொதுவாகச் சொல்லப்படும் பெயர் ப்ளாஸ்ஃபெல்டியா லிலிபுட்டானா. ஒரு தண்டின் குறுக்களவு சுமார் 1 செ.மீ.தான், சட்டைப் பொத்தான் அளவு. முள்ளே கிடையாது. அதனால் பார்த்தவுடன் கள்ளி என்று நம்புவது கஷ்டம்.

இதன் சொந்த ஊர் பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடமேற்கும். அங்கே ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவுகளில், செங்குத்தான பாறைகளின் வெடிப்புகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாலைவன மணலில் தேடினால் கிடைக்காது. அருவிக்குப் பக்கத்துப் பாறைகளில்கூட வளரும்!

அதைவிட வியப்பு, வறட்சியை அது சமாளிக்கும் விதம். மற்ற கள்ளிகள் தண்ணீரைச் சேமித்துத் தாக்குப்பிடிக்கும். இதுவோ உடலிலுள்ள நீரில் பெரும்பகுதியை இழந்து, தட்டையாகச் சுருங்கிப் பல மாதங்கள் கிடக்கும். அப்புறம் மழை வந்ததும் நீரை உறிஞ்சி மறுபடி உப்பிவிடும். வீட்டில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வேறு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள்; சொந்த வேரில் வளர்ச்சி அவ்வளவு மெதுவு.