உபுண்டு தொலையவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது

கேள்வி: மகள் யூஎஸ்எம்மில் படிக்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டிருந்தோம். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தேர்வுத் திரையே வருவதில்லை, நேராக விண்டோஸ் திறக்கிறது. கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: அழிக்க அவசரப்படாதீர்கள். எதை முதலில் திறப்பது என்ற பட்டியல் மதர்போர்டில் இருக்கும் என்விராம் என்ற, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் உள்ளது. அப்டேட் அங்கே விண்டோஸை மேலே ஏற்றியிருக்கலாம், உபுண்டுவின் பெயரையே நீக்கியிருக்கலாம். டிஸ்க்கில் உபுண்டு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் (கணினி தொடங்கும் முறை) அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

அப்புறம், பவர் பட்டனை அழுத்தியதும் எஃப்12 விசையைத் தட்டுங்கள் (எச்பி என்றால் எஃப்9). பட்டியலில் உபுண்டு இருந்தால் உள்ளே போய், டெர்மினலில் 'ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளையால் வரிசையை மாற்றிவிடலாம். வேலை முடிந்தது.

இல்லாவிட்டால் யூஇஎஃப்ஐ ஷெல் வேண்டும். இயங்குதளம் திறப்பதற்கு முன்பே கட்டளை தட்டுவதற்கான திரை அது. பல மடிக்கணினிகளில் அது உள்ளேயே இருக்காது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 'ஈஎஃப்ஐ', அதற்குள் 'பூட்' என்று ஃபோல்டர் போட்டு, ஷெல் கோப்பை 'பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ' என்ற பெயரில் வையுங்கள். செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத நிரல்களைத் தொடக்கத்தில் தடுக்கும் பாதுகாப்பு) தற்காலிகமாக அணைத்துவிட்டு, அதே எஃப்12 பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

கறுப்புத் திரை வந்ததும் முதலில் 'பிசிஎஃப்ஜி பூட் டம்ப்'. இது பார்ப்பதற்கு மட்டும், எதையும் மாற்றாது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள் தெரியும்: 'ஆப்ஷன் 02', 'பூட்0005' என்பதுபோல. இங்குதான் பலர் வழுக்குகிறார்கள். ஷெல்லுக்குத் தர வேண்டியது ஆப்ஷன் எண். உபுண்டு டெர்மினலுக்குத் தருவது பூட் எண். உபுண்டு 02இல் இருந்தால் 'பிசிஎஃப்ஜி பூட் எம்வி 02 00' என்றதும் அது மேலே வந்துவிடும்.

பட்டியலில் பெயரே இல்லையென்றால் சேர்க்க வேண்டும். 'மேப்' கட்டளை எஃப்எஸ்0, எஃப்எஸ்1 என்று பகுதிகளைக் காட்டும். இவற்றில் ஒன்று உங்கள் பென்டிரைவ்! ஆகவே 'எல்எஸ்' போட்டு, 'ஈஎஃப்ஐ'க்குள் 'உபுண்டு' ஃபோல்டர் எதில் இருக்கிறதென்று பார்த்துவிட்டு, 'பிசிஎஃப்ஜி பூட் ஆட் 0' என்பதோடு அங்குள்ள 'ஷிம்எக்ஸ்64.ஈஎஃப்ஐ' என்ற, உபுண்டுவைத் தொடங்கும் கோப்பின் முழுப் பாதையையும், மேற்கோள் குறிக்குள் ஒரு பெயரையும் கொடுங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், சரியா? 'பிசிஎஃப்ஜி பூட் ஆர்எம்' கட்டளை மட்டும் வேண்டாம், அது பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடும்.

முடிந்ததும் 'ரீசெட்' கொடுத்து, செக்யூர் பூட்டை மறுபடி போட்டுவிடுங்கள். கிரப் மெனு, அதாவது அந்தத் தேர்வுத் திரை, வரும்.