இமயமலைப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மது காய்ச்சுகிறார்களாமே, அதற்கு அங்கே அப்படி என்ன மரியாதை?

வேலை நிமித்தமாக மேற்கு சிக்கிமில் இரண்டு வருடம் இருந்தேன். லிம்பு என்ற மலைவாழ் இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மாடியறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். நான் குடிப்பதில்லை, அதனால் ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

போய் மூன்று மாதம் இருக்கும், வீட்டுக்காரரின் மகள் பக்கத்து ஊர்ப் பையனோடு போய்விட்டாள். அழுகை, கூச்சல் எல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான். மூன்றாம் நாள் பையன் வீட்டிலிருந்து நாலு பெரியவர்கள் ரக்சி பாட்டில்களோடு வந்தார்கள். ரக்சி என்பது காய்ச்சி வடித்த சாராயம். ஒரு பாட்டிலை வீட்டுக்காரர் முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள். இப்படி வருவதை நேபாளியில் ‘திருடனின் குரல்’ என்கிறார்கள். ‘உங்கள் பெண்ணைத் திருடியது நாங்கள்தான்’ என்று ஒப்புக்கொள்ள வருகிறார்களாம். வீட்டுக்காரர் பாட்டிலைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் மழையைப் பற்றியும் ஏலக்காய் விலையைப் பற்றியும் பேச்சு ஓடியது. கடைசியில் அவருடைய அம்மா உள்ளே போய்க் கிண்ணங்களை எடுத்து வந்து வைத்தார். அதற்குப் பிறகுதான் கல்யாணப் பேச்சே தொடங்கியது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அங்கே ஒன்றைக் கேட்பதும், மன்னிப்புக் கோருவதும், சம்மதம் சொல்வதும் மதுவை வைத்துத்தான். நேபாளத்து ஷெர்பாக்களிடமும் இதே கதை. பெண் கேட்கப் போகிற மாப்பிள்ளை வீட்டார் சாங் கொண்டுபோவார்கள். சாங் என்பது வடிக்காமல், தானியத்தை ஊறவைத்தே செய்யும் மது. பெண் வீட்டார் அதை வாங்கிக் குடித்தால் சம்மதம். காரியம் ஆக வேண்டுமென்று ஒருவர் வீட்டுக்கு சாங்கோடு போனால், அதைக் குடித்துவிட்டு முடியாது என்று சொல்வது ரொம்பக் கஷ்டம்.

சரி, என்னத்தைக் காய்ச்சுகிறார்கள்? லடாக்கிலும் திபெத்திலும் பார்லி. கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் கோதோ. பெயரைக் கேட்டு வரகு என்று நினைத்துவிடாதீர்கள். நம் கேழ்வரகேதான். வேகவைத்த கேழ்வரகைப் பாயில் பரப்பி ஆறவிட்டு, மர்ச்சா என்ற வில்லையைப் பொடித்துத் தூவி, மூங்கில் கூடையில் ஓரிரு நாள் வைத்த பிறகு பானையில் அடைத்து மூடிவிடுவார்கள்.

சூட்சுமமெல்லாம் மர்ச்சாவில்தான். ஊறவைத்த அரிசியை இடித்து, சித்திரமூல வேர், இஞ்சி, மிளகாய் இப்படிச் சிலவற்றைச் சேர்த்துத் தட்டி, பெரணி இலைக்குள் வைத்து, அடுப்புக்கு மேலே பரணில் காயவைப்பார்கள். பழைய மர்ச்சா கொஞ்சம் கலந்தால்தான் புதியது உருவாகும், தயிருக்கு உறை ஊற்றுவது போல. அதிலிருக்கும் பூஞ்சை தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் சர்க்கரையை மதுவாக்கும். தட்டுவது, ஊறவைப்பது, வடிப்பது எல்லாமே பெண்கள் வேலை. சந்தையில் விற்கும் காசும் பெரும்பாலும் அவர்கள் கைக்குத்தான் போகும்.

ஊறிய கேழ்வரகை மூங்கில் குவளையில் நிரப்பி வெந்நீர் ஊற்றினால் அது தோங்பா. பத்து நிமிடம் பொறுத்து, மெல்லிய மூங்கில் குழாயால் உறிஞ்ச வேண்டும். தானியம் வாய்க்குள் வராதபடி குழாயின் அடியில் சின்னக் கீறல் போட்டிருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் மறுபடி வெந்நீர், இப்படி நாலைந்து தடவை. ஒரு குவளையை வைத்துக்கொண்டு குளிர்கால இரவு முழுக்கப் பேசலாம். வீட்டுக்காரரின் அம்மா முதல் குவளையை யூமா தெய்வத்துக்குப் படைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்.

ரக்சியின் தரம் சொல்வதும் வேடிக்கைதான். வடிக்கும் பானைக்கு மேல் வைத்த பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கும். சூடேற ஏற மாற்றுவார்கள். மூன்று தண்ணீர் மாற்றி எடுத்தது காட்டம், ஐந்து என்றால் லேசு.

காத்மாண்டுவில் இந்திர ஜாத்திரைத் திருவிழாவின்போது அனுமான் தோக்கா என்ற பழைய அரண்மனைப் பகுதியிலுள்ள சுவேத பைரவர் முகமூடியின் வாயிலிருந்து குழாய் வழியாக மது கொட்டும். இளைஞர்கள் முண்டியடித்து வாய் வைப்பார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1854-ல் ஜங் பகதூர் ராணா காலத்தில் வந்த நேபாளச் சட்டம், மலைவாழ் இனங்கள் பலவற்றை ‘மத்வாலி’, அதாவது குடிப்பவர்கள் என்று பெயரிட்டே பூணூல் போட்டவர்களுக்குக் கீழே வைத்தது. அவர்களில் ஒரு பிரிவினரை அடிமையாக்கலாம் என்றும் எழுதி வைத்திருந்தது. 1963-ல் புதுச் சட்டம் வரும்வரை இந்த அடுக்கு நீடித்தது. அடுத்த தலைமுறையில் சிலர் தோங்பாவை இன அடையாளமாகவே தூக்கிப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் அங்கேயும் உண்டு. 2001-ல் மாவோயிஸ்ட் சார்புப் பெண்கள் அமைப்பு நேபாளத்தில் மதுவை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடத்தியது. இரண்டையும் நான் நியாயமாகத்தான் பார்க்கிறேன்.

அப்புறம், அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. குடிக்கமாட்டீர்கள் என்றால் கிண்ணத்தைக் கையால் தள்ளிவிடாதீர்கள். பௌத்தர் வீடானால் மோதிர விரலை அதில் தோய்த்து மூன்று தடவை மேலே சுண்டிவிட்டு, உதட்டில் லேசாக வைத்துக் கீழே வையுங்கள். இரண்டு வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். லிம்பு வீட்டிலும் அதையே செய்தேன். பாட்டி மட்டும் கடைசி நாள்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.