ஆகாய கங்கைப் படிகளில் கால் நடுங்குவது ஏன்?

கேள்வி: கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும்போதே முழங்கால் வெடவெடக்கிறதே?

பதில்: இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மறுநாள் வரும் வலிக்கும் அதுதான் காரணம். அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் படிகள். தொபுதொபுவென்று குதிக்காமல், பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி முழுதாக ஊன்றுங்கள். நூறு படிக்கொருமுறை ஒரு நிமிடம் நில்லுங்கள். மூடுபனி நாளில் படியின் ஓரத்தில் பாசி நனைந்து சவுக்காரம்போல் வழுக்கும். ஆள் நடந்து பாசி தேய்ந்த நடுப்பகுதிதான் பிடிப்பு. தேய்ந்த ரப்பர் செருப்பு அறவே கூடாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், முதுகுப்பையில். கையில் தொங்கும் பையைக் குரங்கு விடாது! ஏறுவதற்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். அருவி நீர் திடீரெனக் கலங்கினால் மேலே மழை, உடனே கரையேறிவிடுங்கள்.