கழற்றிக் கழுவ முடிகிற ஸ்லைடிங் ஜன்னல்: வாசகர் கேள்வி பதில்

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நேரம் நெருங்குகிறது. வந்திருக்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஜன்னலைப் பற்றித்தான், அதனால் இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நகர்கிற கண்ணாடிச் சட்டத்தை நம் பக்கத்துக் கடைகளில் சொல்கிற மாதிரியே ஷட்டர் என்றும், அது நகர்கிற பள்ளத்தை டிராக் என்றும், கீழ் டிராக்கில் சக்கரம் ஓடுகிற மேட்டை ரயில் என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. சத்துவாச்சாரியில் மாடி கட்டிக்கொண்டிருக்கிறோம். பைபாஸ் பக்கம் என்பதால் தூசி ரொம்ப அதிகம். ஐந்தடி அகலம், நாலடி உயரத்தில் மூன்று டிராக் அலுமினிய ஜன்னல் போடப் போகிறோம், இரண்டு கண்ணாடி, ஒரு கொசுவலை. கீழ் வீட்டு ஜன்னல்களில் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைக்கவே முடிவதில்லை. கழற்றுகிற மாதிரி செய்து கொடுங்கள் என்றால் ஃபேப்ரிகேஷன்காரர் "அதெல்லாம் வராதும்மா, கையை விட்டுத் துடைச்சுக்கங்க" என்கிறார். நிஜமாகவே முடியாதா?
வாசகி, சத்துவாச்சாரி

பதில்: முடியும் அம்மா, தாராளமாக முடியும். அவர் ஷட்டரை மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தலையை மேல் டிராக்குக்குள் நுழைத்து, முழுசாக மேலே தூக்கி, அடிப்பக்கத்தைக் கீழ் ரயிலுக்கு நேராகக் கொண்டுவந்து இறக்குவார். உள்ளே போன அதே வழியில் அது வெளியே வந்தாக வேண்டும். நம் வீட்டு ஷோகேஸ் கண்ணாடியும் இப்படித்தான், மேல் பள்ளம் ஆழமாக இருக்கும், கீழ்ப் பள்ளம் ஆழம் குறைவாக இருக்கும், தூக்கினால் அடி விடுபட்டுவிடும். ஜப்பானில் மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய ஷோஜி கதவுகளைக் காலங்காலமாக இதே முறையில்தான் மாட்டிக் கழற்றுகிறார்கள். யாருக்கும் புதிய வித்தை இல்லை.

அப்படியானால் நம் வீடுகளில் ஏன் வருவதில்லை? அளவெடுக்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை, அவ்வளவுதான். துடைக்கப் போகிற ஆள் யாரென்று கேட்காமலே ஜன்னல் செய்துவிடுகிறார்கள், அப்புறம் அந்த வீட்டுப் பெண் சன்ஷேடில் ஏறி நின்று துடைக்கிறார். மாடியில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. சன்ஷேட் மழைக்கும் வெயிலுக்கும் போட்டது, ஆள் நிற்பதற்கு இல்லை, தயவுசெய்து வீட்டில் யாரையும் அதில் ஏற விடாதீர்கள்.

சரி, அளவுக்கு வருவோம். ஷட்டரின் அடி விளிம்பு, சக்கரம் ஓடுகிற ரயிலுக்குக் கீழே 8 மி.மீ. இறங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டுவதற்கு 8 மி.மீ. தூக்க வேண்டும், கை தடுமாறாமல் இருக்க இன்னும் 4 சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக ஷட்டரின் தலைக்கும் மேல் டிராக்கின் உள் கூரைக்கும் நடுவில் 12 மி.மீ. காலியாக இருக்க வேண்டும், கடைக்காரர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய நாலு நூல். இது ஒரு பாதி. ஷட்டர் இறங்கி உட்கார்ந்திருக்கும்போது அதன் தலை மேல் டிராக்குக்குள் போதுமான அளவு மாட்டியும் இருக்க வேண்டும், நான் 10 மி.மீ.க்குக் குறைய விடமாட்டேன், குறைந்தால் ஆடிக் காற்றில் கடகடவென்று அடித்துக்கொள்ளும், பலமான காற்றில் கழன்றும் வரலாம். இரண்டையும் கூட்டினால் மேல் டிராக்கின் உள் ஆழம் 22 மி.மீ. வேண்டும். டிராக்கும் ஷட்டரும் வெட்டிச் செய்ய நீங்கள் வாங்கப் போகிற அலுமினிய செக்‌ஷனில் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், அதனால் டிராக்கிலும் ஷட்டரிலும் ஒரு சிறு துண்டு வெட்டித் தரச் சொல்லி, ஒன்றில் ஒன்றை வைத்து ஸ்கேல் பிடித்து அளந்து பாருங்கள். ஆழம் பத்தாத செக்‌ஷன் என்றால் எவ்வளவு கெட்டிக்காரர் செய்தாலும் கழற்ற வராது, கடையிலேயே அதை மாற்றிவிட வேண்டும்.

இந்த இடைவெளி ஜன்னலின் இரண்டு ஓரங்களில் மட்டும் இருந்தால் போதாது, நடுவிலும் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு மேலே இருக்கிற லிண்டல் கான்கிரீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்புச் சக்கையை அளவுக்கு மீறி அடித்து இறுக்கினால் மேல் டிராக் நடுவில் கீழ்நோக்கி வளைந்துவிடும், அடியில் கலவையை அதிகமாக அடைத்தால் கீழ் ரயில் மேலே எழும்பிவிடும். ஷட்டரை நாம் தூக்குவதே நடுவில்தான். ஏனென்றால் மூடிய நிலையில் இரண்டு ஷட்டர்களும் நடுச்சட்டத்தில் ஒன்றையொன்று கொக்கி மாதிரி பிடித்திருக்கும், கொஞ்சம் நகர்த்தி அந்தப் பிடியை விடுவித்த பிறகுதான் தூக்க முடியும். நடுவில் 12 மி.மீ. இருந்தது 6 ஆகிவிட்டால் எல்லாக் கணக்கும் வீண்.

அடுத்து கிரானைட். இதுதான் நம் ஊரில் பெரிய வில்லன். ஜன்னல் மாட்டி முடித்த பிறகு கொத்தனார் வந்து உள்பக்கத் திண்டில் கிரானைட் பலகை பதிப்பார், அது கீழ் டிராக்கைவிட அரை இன்ச், ஒரு இன்ச் உயர்ந்து நிற்கும். ஷட்டரை மேலே தூக்கி அடிப்பக்கத்தை உள்ளே இழுக்கும்போது அந்தப் பலகை முட்டி நிறுத்திவிடும். பலகையின் மேல்பரப்பு கீழ் டிராக்கின் மட்டத்துக்கு மேல் போகவே கூடாது என்று கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி, சட்டத்தின் மேலேயே பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். இரும்பு கிரில் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும், உள்பக்கம் வைத்தால் ஷட்டர் வீட்டுக்குள் வர வழியே இல்லை. ஷட்டர் எப்போதும் உள்ளேதான் வர வேண்டும், வெளியே கழற்றுகிற எந்த ஏற்பாட்டையும் மாடி வீட்டில் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று டிராக்கில் கொசுவலையை எங்கே வைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய விஷயம். உள் டிராக்கில் வையுங்கள். பைபாஸ் தூசியில் அடிக்கடி கழுவ வேண்டியது வலைதான், எடையும் குறைவு, அது முதலில் கையோடு வந்துவிடும். வெளி டிராக்கில் வைத்தால் வலையை எடுக்க ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணாடிகளையும் இறக்க வேண்டிவரும்.

இதையெல்லாம் மதிப்பீட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு ஜன்னலிலும் ஷட்டரை அவர் கழற்றிக் காட்டட்டும், அப்புறம் நீங்கள் ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஜன்னல் ஏற்கனவே போட்டது. தூக்கினால் கொஞ்சம் மேலே போகிறது, ஆனால் அடி வெளியே வரமாட்டேன் என்கிறது. ஏதாவது வழி உண்டா?
வாசகர், காட்பாடி

பதில்: கொஞ்சம் மேலே போகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. முதலில் ஷட்டரை நடுவுக்கு நகர்த்துங்கள். டார்ச் அடித்து மேல் டிராக்குக்குள் பாருங்கள், கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு பிளாஸ்டிக் துண்டை ஸ்க்ரூ போட்டு வைத்திருப்பார்கள், ஷட்டரைத் தூக்க முடியாமல் தடுப்பதற்காகவே வைப்பது அது. அது நடுவில் இருந்தால் ஓரத்துக்கு மாற்றலாம். பெயின்ட் அடித்தவர் விட்டுப்போன பட்டி, சிலிகான் இருந்தாலும் சுரண்டி எடுங்கள்.

அப்புறம் ஷட்டரின் பக்கவாட்டில், அடிமூலையில் ஒரு சின்ன துளை இருக்கிறதா பாருங்கள், சிலவற்றில் மூடி போட்டிருக்கும். அதற்குள் தெரிவது சக்கரத்தை ஏற்றி இறக்குகிற ஸ்க்ரூ. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் அரைச் சுற்று திருப்பி, ஷட்டர் இறங்குகிறதா ஏறுகிறதா என்று கவனியுங்கள், எந்தப் பக்கம் திருப்புவது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சக்கரம் உள்ளே போனால் ஷட்டர் சில மி.மீ. கீழே உட்காரும், மேலே அந்த அளவு இடம் கிடைக்கும், பல வீடுகளில் இது ஒன்றே போதும். இரண்டு மூலையிலும் ஒரே அளவு திருப்புங்கள், இல்லாவிட்டால் ஷட்டர் சாய்ந்து பூட்டு பொருந்தாமல் போகும்.

மலிவான ஷட்டர்களில் சக்கரம் ஏற்றி இறக்க முடியாதபடி பொருத்தப்பட்டிருக்கும். அப்போது சட்டத்தைப் பிரித்து உயரத்தைக் குறைப்பதுதான் வழி. கண்ணாடியைப் பிடித்திருக்கிற ஓரப்பட்டையான பீடிங்குக்குள் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டஃபன்டு, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் அதை வெட்டவே முடியாது, வெட்டினால் முழுதும் நொறுங்கிவிடும், புதுக் கண்ணாடிதான் வாங்க வேண்டும்.

கேள்வி: நாம் சுலபமாகக் கழற்றினால் திருடனும் சுலபமாகக் கழற்றுவானே?
வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நியாயமான பயம். காட்பாடிக்காரருக்குச் சொன்ன அந்தத் தடுப்புத் துண்டு இதற்காகத்தான். ஷட்டர் மூடிப் பூட்டியிருக்கும்போது அதன் தலைக்கு நேர் மேலே துண்டு வரும்படி டிராக்கின் ஓரத்தில் வைக்க வேண்டும், நடுவில் இடம் காலியாக இருக்க வேண்டும். அப்போது மூடிய ஷட்டரைத் தூக்கினால் ஒரு நூல்கூட அசையாது. உள்ளே இருப்பவர் பூட்டைத் திறந்து நடுவுக்கு நகர்த்தினால் மட்டுமே தூக்க வரும். தடுப்பே இல்லாத ஜன்னல்களும் நிறைய இருக்கின்றன, இன்றைக்கே பூட்டிவிட்டு உள்ளிருந்து தூக்கிப் பாருங்கள், மேலே எழும்பினால் ஆளைக் கூப்பிடுங்கள். வெளிப்பக்க கிரில் இருக்கட்டும், அதை இந்தத் துண்டுக்குப் பதிலாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். ஹாலுக்கு ஆறடிக்கு ஐந்தடி ஜன்னல் போட ஆசை. அவரால் கழற்ற முடியுமா?
வாசகி, குடியாத்தம்

பதில்: இரண்டே ஷட்டராகப் போட்டால் முடியாது, முயற்சி செய்யவும் விடாதீர்கள். கண்ணாடியின் எடைக்கு ஒரு எளிய கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. மூன்றடிக்கு ஐந்தடி ஷட்டர் 15 சதுர அடி, சுமார் 1.4 சதுர மீட்டர், 6 மி.மீ. கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டுமே 21 கிலோ, சட்டம் தனி. அதை மேலே தூக்கி, சாய்த்து, இறக்க வேண்டும், இரண்டு திடமான ஆட்கள் வேண்டிய வேலை.

அதே ஜன்னலை நான்கு ஷட்டராகப் பிரித்து 5 மி.மீ. கண்ணாடி போட்டால் ஒன்றின் கண்ணாடி 9 கிலோவுக்குக் கீழே வந்துவிடும், சட்டத்தோடு சேர்த்தும் ஒருவர் கையாளலாம். அம்மாவுக்கு அதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஜன்னலை நான்காகவே போடுங்கள், நீங்கள் ஊருக்குப் போகும்போது கண்ணாடியை இறக்கிக் கழுவிவிடுங்கள், வலையை மட்டும் அம்மா எடுக்கட்டும். உயரத்தையும் நாலரை அடியாகக் குறைத்தால் இன்னும் நல்லது.

கழற்றும்போது இரண்டு பக்கச் சட்டத்தையும் பாதி உயரத்தில் பிடியுங்கள், அடியில் பிடித்தால் தலை கனத்துச் சாயும். இறக்கியதைப் பழைய பாய் மேல், சுவரில் சாய்த்து வையுங்கள், வெறும் டைல்ஸ் மேல் வழுக்கும். கழற்றும்போதே சட்டத்தின் ஓரத்தில் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், ஜன்னல் மாறினால் பொருந்தாது.

கேள்வி: யுபிவிசி நல்லதா, அலுமினியம் நல்லதா, கழற்றுவதற்கு?
வாசகர், ஆற்காடு

பதில்: இரண்டிலும் கழற்றலாம். யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் வெயிலில் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். நாலடி ஷட்டர், நம் பக்கத்து மே மாத வெயிலில், மார்கழி விடியற்காலையில் இருந்ததைவிட இரண்டு மி.மீ.க்கு மேல் உயர்ந்து நிற்கலாம், அந்த அளவை மேல் இடைவெளியில் கூடுதலாக விடச் சொல்லுங்கள். உள்ளே இரும்புப் பட்டை வைப்பதால் எடையும் கூடும். ஓசையும் தூசியும் குறைவதற்கு யுபிவிசி, சுலபமாகத் தூக்குவதற்கு அலுமினியம், இதுதான் என் கணக்கு.

கேள்வி: போர் தண்ணீரில் கழுவியதால் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு. மழை வந்தால் டிராக்கில் தண்ணீர் நின்று ஹாலுக்குள் வழிகிறது. சக்கரமும் கரகரவென்கிறது, எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.
வாசகி, ஆம்பூர்

பதில்: திட்டு, தண்ணீரில் இருக்கிற கால்சியம், மக்னீசிய உப்பு. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒத்தி வைத்துத் துடையுங்கள், அலுமினியச் சட்டத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் உடனே கழுவிவிடுங்கள். கடைசி அலசலுக்குக் குடிதண்ணீரோ மழைத்தண்ணீரோ ஒரு சொம்பு போதும், உடனே ஈரத்தைத் துடைத்தும் விடுங்கள். ஆர்.ஓ. மெஷினில் வெளியேறுகிற கழிவுத் தண்ணீரைச் சேமித்து ஜன்னல் கழுவுகிறார்கள் சிலர், அதில் உப்பு இன்னும் அதிகம், வேண்டாம்.

டிராக் விஷயத்துக்கு, கீழ் டிராக்கின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் வடிய சின்ன நீளத் துளைகள் இருக்க வேண்டும். பூச்சு வேலையில் சிமென்ட் அடைத்திருக்கும், அல்லது மண் சேர்ந்திருக்கும். ஷட்டரைக் கழற்றிய அன்றே பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே போகிறதா பாருங்கள். துளையே இல்லை என்றால் டிரில் போடுகிற ஆளைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் மட்டும் போடச் சொல்லுங்கள்.

எண்ணெயை நிறுத்துங்கள், அதில் தூசி ஒட்டிப் பசையாகிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. ஷட்டரைத் திருப்பிவைத்து சக்கரத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சிலிகான் ஸ்ப்ரே லேசாக அடியுங்கள். அப்போதும் கரகரத்தால் சக்கரம் தேய்ந்துவிட்டது, பழைய சக்கரத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில், பேரிங் வைத்ததாக வாங்குங்கள்.