தம்பிக்கு வந்த அந்த 0.6

வணக்கம் அக்கா. சனிக்கிழமை நீங்களும் தம்பியும் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து உங்கள் கேள்விதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. "தேசிய சேவைக்கு ரெண்டு வருஷம், டிகிரிக்கு நாலு வருஷம். இன்னும் நாலு வருஷம் கம்ப்யூட்டர்ல அணுவை வச்சு விளையாடப் போறேங்கிறான்" என்று சொன்னீர்கள். கணினியில் பொருள்களை ஆராயும் முனைவர் படிப்புக்குத் தம்பியை அனுப்பலாமா, அது வெறும் விளையாட்டா என்பதுதான் உங்கள் கேள்வி. அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் அன்று பேசாமல் இருந்தேன்.

முதலில் பணம். சேமிப்பில் கை வைக்க வேண்டியிருக்குமோ என்று பயந்தீர்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு உபகாரச் சம்பளம் கிடைத்தால் கட்டணம் போக மாதாமாதம் படித்தொகையும் வரும். படிப்பு ஒழுங்காக நகர்ந்தால் நான்கு வருடம் வரை தருவார்கள். நல்ல ஹானர்ஸ் இருந்தால் மாஸ்டர்ஸ் இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு நேராக விண்ணப்பிக்கலாம். கைக்காசு போடுவது பெரும்பாலும் பாட வகுப்பு மாஸ்டர்ஸில்தான்; அது வழியில் கட்டாயம் ஏற வேண்டிய படி என்று நினைத்துச் சேர்த்துவிடாதீர்கள். சில உபகாரச் சம்பளங்களில் பாண்டு உண்டு, அதாவது முடித்த பிறகு சில வருடம் அவர்கள் சொல்லும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். எத்தனை வருடம், எங்கே வேலை என்று படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. இழப்பு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். படித்தொகை சம்பளம் இல்லை. முடிக்கும்போது தம்பிக்கு 29 வயதாகிவிடும்.

சரி, விளையாட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு பொருள் மின்சாரத்தைக் கடத்துமா, சூட்டில் விரிசல் விடுமா என்பதெல்லாம் அதன் எலக்ட்ரான்கள் கையில் இருக்கிறது. ஆனால் அத்தனை எலக்ட்ரானுக்கும் சமன்பாடு போட்டுத் தீர்க்க எந்தக் கணினியாலும் முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துரத்த வேண்டாம், எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தால் போதும் என்று 1964-65-இல் வால்டர் கோன், ஹோஹன்பெர்க், ஷாம் ஆகியோர் காட்டினார்கள். 1998-இல் கோனுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான். இன்று பேட்டரிக்கோ சிப்புக்கோ புதுப் பொருள் தேடுகிறவர்கள், ஆய்வகத்தில் செய்து பார்க்கும் முன்பே பலவற்றை இந்தக் கணக்கில் வடிகட்டிவிடுகிறார்கள்.

அன்று நீங்கள் முகம் கழுவப் போயிருந்தபோது, கடைசியாகச் செய்த கணக்கைக் காட்டச் சொன்னேன். தம்பி மடிக்கணினியைத் திருப்பினார். இருபது வரிகூட இல்லாத ஒரு கோப்பு: சிலிக்கான், இரண்டே அணு. குவாண்டம் எஸ்பிரெசோ என்ற இலவச மென்பொருள் ஓடி முடித்துக் கடைசியில் 'ஜாப் டன்' என்று எழுதியிருந்தது. சிலிக்கான் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தின் நீளம் 5.47 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவு நீளங்களுக்கான அலகு) என்று வந்திருந்தது. அளந்தால் 5.43, கிட்டத்தட்ட சரி. அதே முறையில் ஆற்றல் இடைவெளி, அதாவது ஓர் எலக்ட்ரான் கட்டிலிருந்து விடுபட்டு மின்சாரம் கடத்தத் தேவையான ஆற்றல், சுமார் 0.6 எலக்ட்ரான் வோல்ட் என்று வந்திருந்தது. உண்மையில் 1.1, அதாவது ஏறக்குறைய பாதிதான். "கணக்கில் தப்பா?" என்று கேட்டேன். டீ ஆறிப்போகும் வரை பேசினார் அக்கா. பிழை கோப்பில் இல்லை, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதற்குப் போட்ட தோராயத்தில் இருக்கிறது. அந்த முறையின் ஆற்றல் மட்டங்களை அப்படியே நிஜ இடைவெளியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது என்றார். கணினி சொன்ன எண்ணை அப்படியே எழுதிக் கொடுக்காமல் சந்தேகப்படுகிற பிள்ளைக்குத்தான் இந்தப் படிப்பு. மதிப்பெண்ணைவிட அந்தப் பேச்சு எனக்கு நம்பிக்கை தந்தது.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பேராசிரியர் பதவிகள் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஒன்-நார்த்தில் ஏ-ஸ்டார் என்ற அரசாங்க ஆய்வு அமைப்பின் உயர்திறன் கணினி ஆய்வுக்கழகம் இருக்கிறது, 1998-இல் தொடங்கியது. இந்த வகை ஆய்வுக்குச் சிங்கப்பூரில் அது முக்கியமான இடம். உட்லண்ட்ஸ் பக்கம் மைக்ரான், குளோபல்ஃபவுண்டரிஸ் போன்ற சிப் நிறுவனங்கள். இங்கெல்லாம் சிமுலேஷன் மட்டும் தெரிந்தவரைவிட, ஆய்வகத்தில் அளந்த எண்ணையும் வாசிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடுதல். அதனால் சோதனைக் குழு ஒன்றோடு சேர்ந்து செய்யும் தலைப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், அணுக்களுக்கிடையிலான விசையைக் கணிக்க இப்போது மெஷின் லேர்னிங் நிறைய வந்துவிட்டது. அதில் கை பழகினால், துறையை விட்டு வெளியே போனாலும் தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு உதவும்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டிதான் இந்த நான்கு வருடத்தைத் தீர்மானிப்பார். நல்ல பிள்ளைகள் இங்கேதான் சறுக்கி நான் பார்த்திருக்கிறேன். இடையில் தகுதித் தேர்வு வேறு இருக்கிறது. அதில் தேறாவிட்டால் தொடர முடியாமல் போகலாம்.

எனவே விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை. தம்பி மனத்தில் வைத்திருக்கும் பேராசிரியரிடம் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களைப் போய்ப் பார்த்து, மூன்றே கேள்வி கேட்கட்டும். பேராசிரியர் வாரத்துக்கு எத்தனை முறை உட்கார்ந்து பேசுவார்? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கிடைக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? பதில்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள் அக்கா. நீங்களும் கூடவே வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.