பெல்ட் மாற்றிய பின் கேசட் பிளேயரில் சுருதி ஏறுவது பற்றி

வணக்கம். மோட்டாரின் சுழற்சியை நாடாவை ஓட்டும் சக்கரத்துக்குக் கடத்தும் பழைய ரப்பர் பெல்ட் தார் போல உருகிக் கிடந்ததாகவும், புதிய பெல்ட் மாட்டிய பின் பாடல்கள் சற்று வேகமாகவும் நடுக்கத்துடனும் ஒலிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள் என்றே கருதுகிறேன்.

வேகத்துக்குக் காரணம் பெரும்பாலும் பெல்ட்டின் தடிமன். கப்பியின் விட்டத்தோடு பெல்ட்டின் தடிமனும் சேர்ந்தே வேகத்தைத் தீர்மானிப்பதால், 8 மி.மீ. மோட்டார் கப்பியில் 1.2 மி.மீ. பெல்ட் இருந்த இடத்தில் 1.5 மி.மீ. பெல்ட்டை மாட்டினால், நாடா நொடிக்கு 4.76 செ.மீ. என்ற முறையான வேகத்தை விட ஏறக்குறைய 3 விழுக்காடு விரைவாக ஓடும். அதாவது பாட்டின் சுருதி கால் கட்டை (அரைச் சுரத்தில் பாதி) ஏறிவிடும். கூர்ந்த செவிக்கு அது தப்பாது.

நடுக்கத்துக்கு, கப்பியின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பர் பிசினையே முதலில் சந்தேகிப்பேன். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், கறுப்பு வராத வரை துடையுங்கள். பிளேடால் சுரண்ட வேண்டாம். (கையுறை அணியுங்கள், அந்தக் கறை எளிதில் போகாது.)

பெல்ட் செல்லும் பாதையை நூலால் அளந்து, அதைவிட 5 முதல் 8 விழுக்காடு குறைந்த சுற்றளவும் பழைய தடிமனும் உள்ள பெல்ட்டை வாங்குங்கள். மிக இறுக்கமானது மோட்டாரின் புஷ்ஷைத் (அச்சைத் தாங்கும் வளையத்தை) தேய்த்துவிடும். பல மோட்டார்களின் பின்புறத் துளைக்குள் வேகத்தைத் திருத்தும் சிறு திருகு உண்டு; இவற்றையெல்லாம் முடித்த பிறகே அதைத் தொடுங்கள்.